கார் நகரக் கூடாது

கஸ்பா நாற்சந்தியில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால் போதும், போலீஸ் வருவதற்கு முன்னால் நிதாய் சமாத்தார் வந்து நிற்பார். மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் பேச்சைப் பியூன்கூடக் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு, தெருமுனை கிளப்பின் கேரம் பலகையை விட்டு எழுந்து வந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தால் பேருந்தே நின்றது. மனுஷனுக்கு அந்த ருசி பிடித்துவிட்டது.

விபத்துக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் குழப்பம் கிடையாது. முதலில் சாவியைப் பிடுங்க வேண்டும். வண்டி ஓர் அங்குலம் நகரக் கூடாது. நகர்ந்தால் சாட்சி அழிந்துவிடும். பிறகு பெரிய வண்டிக்காரனைத் திட்ட வேண்டும். லாரியும் காரும் மோதினால் லாரி மேல் தப்பு, காரும் ரிக்‌ஷாவும் மோதினால் கார் மேல் தப்பு. யார் எப்படி வந்து இடித்தார்கள் என்பதெல்லாம் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி. அடிபட்டவரை மட்டும் சும்மா விட்டுவிடுவார்களா? தேநீர்க்கடை பெஞ்சில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அதற்குப் பிறகுதான் மறப்பார்கள்.

துர்கா பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் ரிக்‌ஷாவைத் தட்டிவிட்டது. நிதாய் வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. காரை ஓட்டிவந்த இளம்பெண் தெபலீனா சாவியும் கையுமாக நின்றாள். வந்த வேகத்தில் அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கினார்.

"நிதாய்தா, பெஞ்சுல பாருங்க! நம்ம அண்ணி!" என்று கத்தினான் கேரம் கூட்டாளி போல்ட்டு.

பார்த்தார். ரிக்‌ஷாவில் வந்தவள் அவர் மனைவி அல்பனாதான். மடியில் பூஜைக்கு எடுத்த புடவைப் பை. கணுக்காலிலிருந்து ரத்தம் வழிந்து செருப்பை நனைத்திருந்தது.

நியாயமாக அவர் ஓடியிருக்க வேண்டும். ஆனால் கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

"என் பொண்டாட்டியா இருந்தாலும் விசாரணை விசாரணைதான்!" என்றார். கைதட்டினார்கள்.

"அங்கிள், அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. சாவியக் குடுங்க, அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கெஞ்சினாள் தெபலீனா.

"பாத்தீங்களா, நைசா நழுவப் பாக்குறா! ஏம்மா, எங்களப் பாத்தா கேனப்பயலுங்க மாதிரி இருக்கா?" என்றார் நிதாய்.

"ஒரு டாக்ஸியாவது புடிக்கலாமே?" என்றார் தேநீர்க்கடைக்காரர்.

"எப்படி வரும்? ரோட்டத்தான் நாம மறிச்சிருக்கோமே!" என்றான் போல்ட்டு பெருமையாக.

அல்பனா எழுந்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்ல வருகிறாள் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. அவள் புருஷன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் தெபலீனாவிடம் கொடுத்தாள்.

"எடும்மா வண்டிய. இந்தத் தடவையாவது பாத்து ஓட்டு."

இரண்டு பேரும் ஏறினார்கள். கூட்டம் விலக, காலியாகக் கிடந்த முன்பக்கச் சாலையில் கார் போய்விட்டது.

"நிதாய்தா, இடிச்சவளும் போயிட்டா, அடிபட்டவங்களும் போயிட்டாங்க. இப்ப யாரத் திட்டறது?" என்று கேட்டான் போல்ட்டு.

மிஞ்சியவன் ரிக்‌ஷாக்காரன் ஒருவன்தான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

நிதாய்க்கு அதில் மனம் ஒட்டவில்லை. பெஞ்சுக்கு அடியில் தேங்கிக் கிடந்த ரத்தம் கண்ணில் பட்டது. அவமானமாக இருந்தது. மறியலில் சிக்கிய எந்த வண்டியும் இன்னும் நகரவில்லை. ஆஸ்பத்திரிவரை ஓட்டமும் நடையுமாகப் போனார்.

காலில் தையல் போட்டு அல்பனாவைப் படுக்கவைத்திருந்தார்கள். தெபலீனா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

நர்ஸ் குறுக்கே வந்தாள். "கூட ஒருத்தர்தான் இருக்கலாம். நீங்க யாரு?"

அவர் வாய் திறப்பதற்குள் அல்பனா பதில் சொன்னாள்.

"கூட்டத்துல நின்னவரு, சிஸ்டர்."