சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது என் வேலையும் போனது. பிறகு பொந்தியான் நகரத்தில், பூங்காவுக்கு வருகிறவர்களை எண்ணும் தற்காலிக வேலை கிடைத்தது. எப்படிப்பட்ட பூங்கா மக்களை நடக்க வைக்கிறது என்று ஒரு விரிவுரையாளர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மாலை முழுக்க பெஞ்சில் இருந்து, உட்காருபவர், நடப்பவர், ஓடுபவர் என்று பிரித்துத் தாளில் கோடு போட வேண்டும்.

சில நாட்களிலேயே ஒன்று உறுத்தியது. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அடுக்குமாடி வீடுகளில் பாதிக்கு மேல் நம் தமிழர்கள். அங்கிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. என் அக்காவும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. நடக்கச் சொல்லிச் சொல்லி டாக்டருக்கே அலுத்துவிட்டது.

“பார்க் எதிர்க்கவே இருக்கு. ஒனக்குச் சோம்பேறித்தனம்,” என்று ஏசினேன்.

“நீ மோட்டர் சைக்கிள்ல வந்து எறங்குற. ஒரு நாளு நடந்து தாண்டிப் பாரு லா.”

மறுநாள் பிடிவாதமாக அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையில் இறங்கினேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓயாமல் வந்தன. பாதி தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் ஓடிவிட்டேன். அவள் கையை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் ரோட்டில் கிடந்தாள். லாரி ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. “அலமாக்!” என்று கத்தியபடி இறங்கி வந்த மலாய்க்கார டிரைவர்தான் அவளைத் தூக்கினார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

மருத்துவமனையில் அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “ஒன்ன குத்தம் சொல்லல. இனிமே நட நடன்னு மட்டும் சொல்லாத.”

வேலையை விட்டுவிடலாம் என்று விரிவுரையாளரிடம் தாள்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “மேடம், வர்றவங்களுக்குத்தான் இதுல கட்டம் இருக்கு. வர முடியாதவங்கள எங்க போடுறது?” என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

அவர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “அதை நான் யோசிக்கவே இல்லை,” என்றார். அடுத்த வாரம் என்னை வீடு வீடாகக் கேட்டுவர அனுப்பினார். லாரி, கழிவறை இல்லாதது, புதர் ஓரம் குடித்துவிட்டுக் கிடப்பவர்கள் என்று பெண்கள் கொட்டித் தீர்த்தார்கள்.

அறிக்கை நகராண்மைக் கழகத்துக்குப் போனது. பல மாதங்கள் கழித்துச் சாலையில் ஆட்கள் கடக்க வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். சமிக்ஞை விளக்கு வரவில்லை. இப்போது சில பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து தாண்டுகிறார்கள். எல்லா லாரிகளும் நிற்பதில்லை.

அக்கா வருவதில்லை. மாடி நடைபாதையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறாள். நான் கூப்பிடுவதும் இல்லை.