தங்கச்சிக்காக ஆட்களை அனுப்பின தேவன்

எழுபதுகளில் ஒரு மாரி காலம். என் தங்கச்சி ரோசலின், பிறந்து சில வாரமேயான தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைத் துறைமுகக் கடலுக்குள் இறங்கினாள். மீன்பிடிக்கிறவர்கள் இருவரையும் இழுத்துக் கரைசேர்த்தார்கள்.

"இறங்கச் சொல்லி ஆரோ காதுக்குள்ள கதைக்கினம் அக்கா" என்று அழுதாள்.

அதோடு அவளுடைய புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கந்தளாய் ஊருக்குப் போனவர்தான். திரும்பி வரவில்லை.

தங்கச்சியைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்தோம். குளிசைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவை இருக்கும்வரை சாப்பிட்டாள், தூங்கினாள். முடிந்த பிறகு, திருகோணமலையில் அந்த மருந்தைத் தரவோ அவளைப் பார்க்கவோ ஒருவரும் இல்லை. மறுபடி கொழும்பு ரயிலில் ஏற்றினேன். குதிக்கப் பார்த்தாள். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துவந்தேன். அவளைத் தனியே விட முடியாமல் அதுவும் போயிற்று. பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஆராதனைக்குக் கோவிலுக்குக் கூட்டிப்போனால் தாய்மார் தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் என் கழுத்தை நெரித்தாள். உதறிவிட்டு அடுப்படிக் குசினிக்குள் ஓடி, கதவைச் சாத்தி, முழந்தாளில் விழுந்தேன்.

"கர்த்தாவே, அவளை எடும். இல்லாவிட்டால் ஆரையாவது அனுப்பும்!"

என் கத்தல் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதீஜா உம்மா ஓடிவந்தார். அதுவரை எங்களோடு அதிகம் பேசாதவர். தங்கச்சியின் கைகளைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மனசு சரியில்லாத ஆக்களுக்கு எங்கட ஆஸ்பத்திரியில கிளினிக் தொடங்கியிருக்காம். மாசத்துக்கொருக்கா டொக்டர் வாறாராம். நான் இவவோட இருக்கிறன். நீங்க போய் விசாரிங்க."

கிளினிக்கில் ஊசி போட்டார்கள். டொக்டர் வராத மாதங்களும் இருந்தன, மருந்து இல்லாத மாதங்களும் இருந்தன. அப்போதெல்லாம் அங்கிருந்த தாதி வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வருவார்.

"ரோசலின், இண்டைக்கு அந்தக் குரல் என்ன சொல்லுது?" என்று சாதாரணமாகக் கேட்பார். தங்கச்சியிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவளும் மெல்ல மெல்லப் பதில் சொன்னாள்.

அவள் முழுதாகச் சுகமாகவில்லை. கை நடுங்குகிறது. புருஷன் பிள்ளையை இன்றுவரை அவளுக்குக் காட்டவே இல்லை. ஆனாலும் உயிரோடிருக்கிறாள். போன ஞாயிறு ஆராதனையில் வாய்திறந்து பாடினாள். நான் பாட்டை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடும் என்றதைக் கர்த்தர் தள்ளிவிட்டார். அனுப்பும் என்றதைச் செய்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

சகோதரரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள். தனியே வரப் பயமென்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். பெயர் கூப்பிடும்வரை பக்கத்தில் நான் இருப்பேன்.