பேர் போட்ட சீட்

ஹெப்பாளில் மோட்டார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தீபாவுக்கு ஆபீஸ் வேலை. கன்னடப் பக்கத்து ராமாபுரத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கம்பெனியில் ஆங்கிலம். மூன்றாவதைச் சர்க்குலர் அடித்து அடித்தே பிடித்துக்கொண்டாள். ஒரு சொல்லை அடிக்குமுன், அது யாரை எங்கே நிறுத்தும் என்று பார்த்துவிடுவாள். அந்த வாரம் மட்டும் பார்க்காமல் விட்டாள்.

கம்பெனி பஸ் இரண்டில் ஒன்று ரிப்பேர். மற்றதில் நின்றுகொண்டு வரக்கூடாது. பேக்கிங் பிரிவின் இருபத்துநாலு பேருக்கு இருபது சீட் ‘அலோகேட்’ ஆகியிருப்பதாக மேனேஜர் லெஸ்லி சொன்னார். தீபா அப்படியே அடித்து ஒட்டினாள். முதல் ஸ்டாப்பில் விஜய்குமார் ஜன்னல் வழியே கர்சீப் எறிந்து, தன் கூட்டாளிகளுக்கும் சேர்த்து இடம் பிடித்தான். கடைசி ஸ்டாப்பில் நின்ற மாதேவியை டிரைவர் ஏற்றவில்லை. இரண்டு நாள் லேட். மூன்றாவது லேட் விழுந்தால் அவளுக்கு வேலை நிரந்தரமாகாது.

“இருபது சீட்டு எங்களுதுன்னு போட்டீங்களேக்கா, அதுல என்னுது எதுங்க?” என்றாள் மாதேவி.

தீபா நேராக லெஸ்லியிடம் போனாள். “சார், அலோகேட்டை எடுத்துட்டு அலாட்னு போடறேனுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. பிடு, விட்டுடு.”

“ஒண்ணில்லீங்க. அலோகேட்னா கூட்டத்துக்கு ஒதுக்கறது. உள்ள யாருக்குன்னு கர்சீப்புதான் முடிவு பண்ணுது. அலாட்னா ஆளுக்கு. சீட் நம்பரு, பேரு.”

“மிச்ச நாலு பேரு? ரெஸ்ட்ரிக்டட்னு போட்டுடு.”

“அது கதவைச் சாத்தறதுங்க. டவுன் பஸ் போற பக்கம் எட்டு பேரு இருக்காங்க. வாரம் நாலு பேரா மாத்தி மாத்தி டவுன் பஸ்ஸுல வரட்டும். அதுக்குத்தான் ரேஷன்னு பேரு. அந்த எட்டு பேருக்கும் கொஞ்சம் குறையும், ஒருத்தருக்கும் அடியோட போகாது.”

லெஸ்லி சிரித்தார். “ஹௌதா, அப்படியா? மிஷன் ஸ்கூல்ல பன்னெண்டு வருஷம் படிச்சேன், ஒருத்தரும் இதைச் சொல்லலையே.”

“அவங்க கம்பெனி பஸ்ஸுல வந்திருக்க மாட்டாங்க சார்.”

கையெழுத்துப் போட்டார். எட்டுப் பேரையும் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள வைத்த பிறகே தீபா வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் முதல் ஸ்டாப்பிலேயே அவள் பஸ்ஸில் இருந்தாள். பதினேழாம் சீட்டில் கர்சீப் வந்து விழுந்தது.

“எடு விஜய். அது மாதேவியோடது.”

“நேத்து வரைக்கும் பேக்கிங்கோடதுதானேக்கா?”

“இன்னைக்குப் பேரு ஒட்டியிருக்கு, படி. உன்னுது ஒம்பது.”

“கண்ணாடி மூடாத ஜன்னலா?”

“காத்து வரும், நல்லாத் தூங்கு.” பஸ்ஸே சிரித்தது. கர்சீப்பைச் சுருட்டிக்கொண்டு போனான்.

கடைசி ஸ்டாப்பில் மாதேவி ஏறினாள். பதினேழில் தன் பெயரைப் படித்தும் உட்காராமல் நின்றாள்.

“யாரும் எழுப்ப மாட்டாங்களாக்கா?”

“ஒருத்தராலயும் முடியாது. உக்காரு.”

எட்டு மணி ஷிப்டுக்கு ஏழு நாற்பத்தெட்டுக்கே மாதேவி வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.