குண்டூசிப் பட்டை

எங்கள் தெருத் தையற்காரரின் இடது கையில் ஒரு வண்டு குடியிருந்தது. பெயர் அவர் வைத்தது. டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்பார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு நின்றதும், மணிக்கட்டருகே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஊசி ஏறுவது அங்கேதான். ரத்தம் பாயும் வேகத்தில் உள்ளே ர்ர்ர் என்று ரீங்கரிக்கும். "பிசிறில்லாத கை" என்று தைத்த டாக்டரைப் பாராட்டினார். வேறெந்தத் தையற்காரனையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை.

காலை ஏழு மணிக்குக் கடல் கடந்து மகள் கூப்பிடுவாள். "வண்டைக் காட்டுங்கப்பா." போனைக் கையில் ஒட்டிவைப்பார். "ஓடுது" என்பாள். அப்புறம்தான் மற்ற பேச்சு. அவள் வந்துபோய் நாலு வருஷம். எப்போது வருவாய் என்று அவர் கேட்டதில்லை. அவளுக்கென்று ஒரு சுடிதார் வெட்டி, தோளை மட்டும் மூட்டாமல் வைத்திருந்தார். இளைத்தாளோ, பூசினாளோ!

வாட்ச் கூடாது, பை தூக்கக் கூடாது, அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. டாக்டர் சொன்ன அத்தனையையும் காப்பாற்றினார். பள்ளிச் சீருடை அவசரமாக வந்த அன்று மட்டும், முப்பது வருஷப் பழக்கம், குண்டூசி குத்தும் பட்டையை இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிப் பொழுதுக்கும் வேலை பார்த்தார்.

மறுநாள் காலை கையைத் தொட்டால் வண்டு இல்லை.

ஏழு மணி. போன் அடித்தது. சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடிவருவாள். வரட்டுமே என்று மனம் ஒரு துள்ளுத் துள்ளியது. அதைக் கண்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. தையல் மெஷின் மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, போனை அதன்மேல் வைத்தார்.

"வண்டுக்கு எப்பப்பா கரண்ட் கனெக்‌ஷன் குடுத்தீங்க?"

அவர் சட்டென்று மோட்டாரை நிறுத்தினார்.

"மெஷின் சத்தத்துல தூங்கி வளந்தவ நான். யார்கிட்ட? என்ன பண்ணீங்க?"

"பட்டை கட்டிட்டேம்மா."

அவள் அடுத்துக் கூப்பிட்டது பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரை. அவர் ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியோடு வந்தார். "உங்க பொண்ணு திட்டின திட்டுல, நான்தான் கட்டிவிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஏறுங்கண்ணே."

"ரத்தம் உறைஞ்சுடுச்சு. வாட்ச்சே கூடாதுன்னேனே?" என்றார் டாக்டர்.

"பட்டை மணி காட்டாதுங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை. மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். "உடனே வந்ததால பொழைச்சுது. நாளைக் கடத்தியிருந்தா வலது கையிலதான் புதுசா வெட்டித் தைக்கணும்." வலது கை, கத்தரி பிடிக்கும் கை.

மறுநாள் ஏழு மணி.

"ஓடுது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப நான் இப்ப வரவேண்டியதில்ல, இல்லப்பா?"

"இதுக்காக வேணாம்மா."

இருவரும் போனை வைக்கவில்லை. வண்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"உனக்கு ஒரு சுடிதார் வெட்டி வெச்சிருக்கேன். தோள்தான் பாக்கி."

"அளவு சொல்றேன், எழுதிக்கோங்க."

"போன்ல சொல்ற அளவுக்கெல்லாம் நான் தைக்கிறதில்ல," என்றார் தையற்காரர்.