பன்னிரண்டாவது நாற்காலி

மாலை ஆறு பத்துக்கு மாதா கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, பீடத்தின் முன் வரிசையாகப் போட்டிருந்த பன்னிரண்டு நாற்காலிகளில் கடைசி நாற்காலிக்குக் கீழே தெரிந்த மண் அப்பிய இரண்டு கால்கள்.

1991, பெரிய வியாழன். இயேசு தம் பன்னிரண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பங்குத்தந்தை மண்டியிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் நாள். ஆட்களை, கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவை முன்பே தேர்ந்தெடுத்துவிடும். அவர்களும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்த்து, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். அன்று ஒருவர் வரவில்லை. அவர் இடத்தில், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பிலேயே படுத்துக் கிடக்கும் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

பேரவைத் தலைவர் பாய்ந்து வந்தார். "யோவ், இன்னா இங்க குந்திகினு கீற?"

"காலு கழுவறாங்கன்னாங்க நைனா. இங்க என் காலுதான் அழுக்கா கீது."

"வூட்ல கழுவிட்டுத்தான்யா வரணும்!"

"வூடு இருந்தா நான் ஏன் நைனா இங்க வரேன்?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே விட்டார்.

அழுக்குக் கால்களைக் கழுவுவதற்காக வந்த சடங்கு இது. கழுவிய கால்களைத்தான் கழுவுவோம் என்றால் அந்தச் செம்புத் தண்ணீர் எதற்கு, துண்டு எதற்கு?

பங்குத்தந்தை பீடத்தருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் பதினோரு பேரின் பாதங்களைக் கழுவினார்.