லெஜண்ட் யாரென்று சாக்குப் போட்டுக் கேட்டது

மார்கழியில் சவுண்டு சர்வீஸில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. கிறிஸ்துமஸுக்கு சர்ச் உள்ள ஊர்களில் இரண்டு மூன்று ஆர்டர் வரும். அதை முடித்துவிட்டால் பொங்கல் வரைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ்களைத் துடைப்பதும், அறுந்த வயருக்கு ஈயம் வைப்பதும், பேசுவதும்தான். நாங்கள் பேசியது பெரும்பாலும் ஒரே விஷயம். டெக்னோவில் லெஜண்ட் என்று யாரைச் சொல்லலாம்.

தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மூன்று பேர் இதற்காகச் சண்டை போட்டோம் என்றால் நம்புவது சிரமம். ஆனால் டெக்னோ எங்களுக்கு வேலையோடு வந்து சேர்ந்தது. ஊர்வலத்தில் லாரி மேல் பாக்ஸ் அடுக்கி டிஜே போடும்போது, சினிமாப் பாட்டு நாலு முடிந்ததும் இளவட்டங்கள் கேட்பது வார்த்தை இல்லாத அடியைத்தான். ஒரே அடி, நிற்காமல், இருபது நிமிடம். அதைப் போட்டால்தான் அடுத்த வருடமும் அந்த ஊரில் எங்களைக் கூப்பிடுவார்கள்.

மிக்சர் முன்னால் உட்காருகிறவரை நாங்கள் அண்ணன் என்போம். நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த வேலைக்கு வருமுன் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். ஸ்பின்னிங் ஓடுகிற சத்தத்தை போனில் பதிவு செய்து, அதற்கடியில் அடி சேர்த்து அவரே ஒரு டிராக் செய்து வைத்திருந்தார். பல ஊர்களில் அதற்கு ஆடியிருக்கிறார்கள். யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டாவது ஆள் லாரி டிரைவர். மூன்றாவது நான். எட்டாவதில் பாதியோடு நின்று, திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, பெங்களூரில் கட்டட வேலை பார்த்து, கோவாவில் மூன்று சீசன் கடற்கரையில் பாக்ஸ் தூக்கிவிட்டு வந்தவன். பாக்ஸுக்குப் பின்னால் படுத்துத் தூங்கியே டெக்னோ எனக்குப் பழகியது.

டிரைவருக்கு லெஜண்ட் மதுரைக்காரன் ஒருவன். செல்போனில் வருகிற ரீமிக்ஸ்காரன். எனக்குக் கோவாவில் காலை ஆறு மணிக்கு வாசிக்கிற ஒரு கிழட்டு வெள்ளைக்காரன். அண்ணனுக்கு இரண்டு பேருமே கிடையாது. கார் கம்பெனிகள் மூடிப்போன ஏதோ அமெரிக்க ஊரில், யாரோ விற்ற பழைய மிஷின்களை வாங்கி இதை முதலில் தொடங்கிய கறுப்புப் பையன்கள்தான் லெஜண்ட் என்பார். யூடியூபில் பார்த்தது. பேச்சு ஒன்றும் புரியாது, ஆனால் முழுதாகப் பார்த்திருந்தார்.

"அம்புட்டு வியூஸ் போயிருக்குண்ணே அவனுக்கு," என்பான் டிரைவர்.

"பாம்பு கீரி சண்டைக்கு அதவிடப் போயிருக்கு. அப்பக் கீரி லெஜண்டா?" என்பார் அண்ணன்.

"சரி, இவன் வெள்ளக்காரன் காலைல ஆறு மணிக்குப் போடுறானாம். எங்க ஊர்ப் பூசாரி நாலரைக்கே போடுறாரு. அவரு யாரு?" என்று டிரைவர் என்னைக் காட்டிக் கேட்பான்.

"ஏலே, லெஜண்டு யாருன்னு நம்மூர்ல பிளக்ஸ் அடிக்கிறவனக் கேளுங்க. பொறந்தநாளுக்கும் போடுறான், செத்ததுக்கும் போடுறான்."

பேசித் தீராதபோது சாக்குப் போட்டுக் கேட்போம். அது எங்கள் கொட்டகையின் வழக்கம். லேப்டாப் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, திரை தெரியாதபடி ஒருவன் டிராக் போடுவான். ஒரே ஒரு பாக்ஸில் ஓடும். யாருடையது என்று தெரியாமல் அண்ணன் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். வேலை தெரிந்தவனா, காப்பியடித்தவனா என்று. அவர் சொன்னால் அதோடு சரி.

என் வெள்ளைக்காரனுக்கு மட்டும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "உள்ள ஒண்ணும் இல்லலே. வெறும் அடி." எனக்கு அது ஆத்திரமாக இருந்தது. அந்த ஆளின் வேலையெல்லாம் மேலே, ஹை சத்தத்தில் இருக்கும். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி மெலிசாக வந்துகொண்டே இருக்கும், அடிக்கடி மாறும். அதைப் பிடிக்காத ஆளா இவர்? எந்த டிராக் யாருடையதென்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு ஓரவஞ்சனை செய்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஒரு நாள் பகல், டிரைவர் டீ வாங்கப் போயிருந்தான். பாக்ஸில் மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கரை ட்விட்டர் என்போம். ஹை சத்தம் அத்தனையும் அதிலிருந்துதான் வரும். நான் பின்னால் கை விட்டு அந்த வயரை உருவிவிட்டேன். சாக்கைப் போர்த்தி மதுரைக்காரனுடையதைப் போட்டேன். கம்பளிக்குள் வைத்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுல பாரு. மேல ஹை எப்படி வருதுன்னு. கண்ணாடித் தூளு மாதிரி."

நான் கைகொட்டிச் சிரித்தேன். "என்னண்ணே, ட்விட்டர் வயரு இந்தா கெடக்கு."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து வயரைப் பார்த்தார். "மாட்டு," என்றார். மாட்டினேன். "அந்த வெள்ளக்காரனப் போடு." போட்டேன். ட்விட்டருக்கு அருகில் காதைக் கொண்டுபோய் வைத்தார். எனக்கு நின்ற இடத்திலேயே காது கூசியது.

"போட்டுட்டியா?"

"ஓடுதுண்ணே."

"ம்."

மதுரைக்காரன் டிராக்கை அவர் பல தடவை கேட்டிருக்கிறார். அவர் சொன்ன கண்ணாடித் தூள் முன்பு கேட்டதின் ஞாபகம். அன்றைக்குக் கேட்டது இல்லை. வெள்ளைக்காரன் டிராக் எல்லாம் நான் வந்தபிறகு வந்தவை. அவற்றில் பாதியை அவர் கேட்டதே இல்லை.

ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஒரு வருடமாக மைக் ஊளையிடுவது அவருக்குக் கேட்பதில்லை. மீட்டர் விளக்கையும் ஆட்களின் முகத்தையும் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். மில்லில் பாதிக் காது போயிருக்கும், மீதி பாக்ஸ் முன்னால் போயிருக்கும்.

"மொதலாளிட்ட சொல்லிறாதப்பு. இந்த நாற்காலி போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பெரியவ நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கிறா."

சொல்ல மாட்டேன் என்றேன். டிரைவர் டீயோடு வந்தான். "என்ன, தீர்ப்பு ஆச்சா?" என்று கேட்டான். "மதுரைக்காரன்தான்," என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

தை பிறந்ததும் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேலையில் நான் அண்ணனுக்குப் பின்னால் நிற்பேன். வலது தோளில் ஒரு தட்டு என்றால் மைக் ஊளையிடுகிறது. இரண்டு தட்டு என்றால் ஹை அதிகம். சட்டையைப் பிடித்து இழுத்தால் உடனே எல்லாவற்றையும் இறக்கு. சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணம், சிறுமலை அடிவாரத்தில் ஒரு காதுகுத்து, இன்னும் இரண்டு மூன்று இடம். எல்லாம் நன்றாகவே போயின. காதுகுத்தில் முதலாளியே வந்து, இன்றைக்கு செட் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அவர் விரல், என் காது. அதை நான் விரும்பினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மருத்துவரிடம் போகலாம் என்று ஒரு தடவைகூட அவரிடம் நான் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு கிராமத்தில் முளைப்பாரி ஊர்வலத்துக்கு ஆர்டர் வந்தது. மூன்று மணி வெயில். தெரு ஒடுக்கம். குறுக்கே கரண்டு வயர்களும் கேபிள் வயர்களும் தாழ்வாகத் தொங்கின. லாரி மேல் ஒருவன் நின்று, நுனியில் கவட்டை உள்ள மூங்கில் கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்தால்தான் பாக்ஸ் உரசாமல் போகும். அந்த வேலைக்கு வருகிற ஆள் அன்றைக்கு வரவில்லை.

"நீ ஏறுலே," என்றார் முதலாளி.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். அண்ணனைப் பார்த்தேன். "போ, நான் பாத்துக்கிறேன்," என்றார்.

லாரிக்குப் பின்னால் இரண்டு வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் முளைப்பாரிச் சட்டி. பயிர் ஒரு முழத்துக்கு வெளுத்து வளர்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். லாரிக்கும் அவர்களுக்கும் நடுவில் இளவட்டங்கள் ஆடினார்கள். அண்ணன் பின்பக்கம் பார்த்து மிக்சரோடு உட்கார்ந்திருந்தார். நான் முன்னால், கேபின் மேல்.

பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் மூன்று வயர் ஒன்றாகத் தொங்கியது. அதைக் கம்பில் வாங்கித் தூக்கியிருந்தேன். அந்த நேரம் ஊர்க்காரர் ஒருவர், வரிசையை ஒழுங்குபடுத்த மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பேசியபடியே பாக்ஸுக்கு நேர் முன்னால் வந்துவிட்டார்.

மைக் ஊளையிட்டது. நான் அத்தனை வருடத்தில் கேட்டதில் மோசமானது அது. மண்டைக்குள் கம்பி விட்டது மாதிரி. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கிக் காதை அடைத்துக்கொண்டு குதித்தார்கள். கை மேலே போனதும் குதித்ததும்தான் அண்ணன் கண்ணில் பட்டிருக்கிறது. கூட்டத்துக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து வால்யூமை ஏற்றினார்.

பெண்களால் காதை அடைக்க முடியவில்லை. கையில் சட்டி. கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றார்கள். முகம் எல்லாம் கோணியது. நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கம்பை விட்டால் வயர் பாக்ஸ் மேலும் அண்ணன் மேலும் விழும். பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி ஓடி வந்து லாரியில் ஏறி மெயினைப் பிடுங்குவதற்குள் ஒரு நிமிடம் இருக்கும்.

சத்தம் நின்றபிறகுதான் சட்டி உடைந்தது தெரிந்தது. கல்யாணமாகி அந்த வருடம்தான் முதல் முளைப்பாரி எடுத்த பெண். ரோட்டில் உட்கார்ந்து மண்ணோடு பயிரை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் பக்கத்தில் நின்றாள், குனியவில்லை. முளைப்பாரி கீழே விழுந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது, எடுத்தவள் ராசி என்பார்கள்; அது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பெரியவர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "செவிடாடா நீ?" என்று கேட்டார். வசவுக்குக் கேட்டதுதான். அண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில்லாமல் ஊர்வலம் போனது. நாங்கள் பாக்ஸை இறக்காமல் அப்படியே திரும்பினோம்.

மறுநாள் கொட்டகையில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மார்கழியில மொதலாளி."

"அந்தப் புள்ளய அவுங்க வீட்டுல வச்சுக்குவாங்களோ என்னமோ. அதுக்கு நீயும் ஒரு ஆளு." மிக்சர் பக்கம் கையைக் காட்டினார். "நாளைலருந்து நீ ஒக்காரு. அவன் தூக்கட்டும்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். போனது வராது, பேச்சுக் கேட்க வேண்டுமானால் மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். பாட்டுக்கு அது உதவாது என்று அவரே சொன்னார். பிறகு எங்களோடு பாக்ஸ் தூக்கினார். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. முன்பக்கம் பிடித்தால் தாங்க முடியாதென்று பின்பக்கம் பிடிப்பார்.

கொட்டகையில் பழைய பேச்சு நின்றுபோயிருந்தது. டிரைவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, அண்ணனுக்கும் புரிகிற மாதிரி வாயை அகலமாகத் திறந்து சொன்னான்.

"சாக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லெஜண்டுன்னா நம்ம அண்ணன்தான். மில்லு சத்தத்துல பாட்டுப் போட்டவன் ஒலகத்துல எவன் இருக்கான்?"

அண்ணன் அவனைப் பார்த்தார். "லெஜண்டு பாக்ஸத் தூக்குமாலே? போயி சோத்துச் சட்டியக் கவுத்து."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த டிராக் நல்ல டிராக். லெஜண்ட் என்று சொல்வதற்கு ஒரு டிராக் போதுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரை லெஜண்ட் என்பது எனக்கு அசிங்கமாக இருந்தது.

சித்திரையில் ஒரு சர்ச் திருவிழா. சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்தில் வைத்து செட்டைச் சோதித்தோம். அண்ணனுடைய மில் டிராக்கைத்தான் போட்டேன். பாக்ஸ்களை இறக்கிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார். பேஸ் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலைக் கீழே காட்டினார். பேஸை ஒரு கோடு இறக்கு என்று அர்த்தம்.

முதலாளி என் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் அந்த விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேஸ் அதிகமாகத்தான் இருந்தது. எனக்கும் தெரிந்தது. செவிட்டு ஆள் காட்டி இவன் கேட்கிறான் என்று முதலாளி நினைப்பாரே என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அண்ணன் இன்னொரு தடவை காட்டினார். டிராக் முடிகிற வரைக்கும் கை பாக்ஸிலேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டு, லாரிக்குப் போய் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, அதன்பிறகும் வரவில்லை. ஆடி வரைக்கும் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.