பொம்மை வீட்டின் உம்மா

கல்முனையில் நான் போகும் சூப்பர் மார்க்கெட்டில், கொஞ்சம் கூடுதலாகச் சாமான் வாங்கினால் விரல் நுனியளவு விளையாட்டுச் சாமான் ஒன்று இலவசமாகத் தருவார்கள். குட்டிப் பால்மா டின், குளிக்கிற சவர்க்காரம், தேயிலைப் பைக்கற். மகளின் பொம்மைகளுக்கு என்று சொல்லிக்கொண்டு, தேவையில்லாத சலவைத்தூளையெல்லாம் வாங்கி அவற்றைச் சேர்த்தேன். வீண் செலவு என்று மனம் குத்தும். ஆனாலும் புதிதாக ஒன்று கிடைத்தால் அவளைவிட எனக்குத்தான் சந்தோசம்.

நேற்று பொம்மைக்குக் கலியாணம். சாமான் நிறைந்த அட்டை வீட்டுக்குள் மணப்பெண் இருந்தாள். உம்மாப் பொம்மையைக் காணவில்லை. தேடினால், வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறும் சவர்க்காரப் பெட்டிக்குள் கிடந்தது.

“உம்மாவ ஏன் புள்ள வெளியில போட்ட?”

“மகளுக்கு வீட்டக் குடுத்தா உம்மா பின்னுக்குத்தானே இரிக்கணும்? நம்மட உம்மம்மா இரிக்கிற மாதிரி.”

என் உம்மா, அவளுடைய உம்மம்மா, வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டுப் பின்னால் ஒரு சின்ன அறையில்தான் இருக்கிறா. மகளுக்கு வீடு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கலியாணம் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான் நானும். பதறிப்போய் மணப்பெண்ணின் அலுமாரியிலிருந்த குட்டிப் பால்மா டின்னை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்தேன்.

அவள் அதைப் பறித்து, திரும்பவும் மணப்பெண்ணின் அலுமாரியில் வைத்தாள்.

“அது சீதனமாக் குடுத்த சாமான். உம்மா திருப்பி எடுக்கப்படாது.”